நெடி போகும்வரை அலசு

நான் குறைத்த தண்ணீர் யாருடைய தண்ணீர்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பாடசாலைக் காலத்தில் பதில் தெரியாவிட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். ஆசிரியை அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். இப்போது அடுத்த பிள்ளை இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

பல்லேகல பக்கத்தில் ஒரு கடதாசி ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பெரிய ஆலை இல்லை. பழைய கடதாசியையும் வைக்கோலையும் அவித்துக் கூழாக்கி, அந்தக் கூழை வெளுத்து, பிள்ளைகளின் கொப்பிகளுக்குத் தாள் செய்கிறோம். ஆய்வுகூடம் என்றால் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கண்ணாடி அலுமாரி, நான். மஹய்யாவையில் எங்கள் வீட்டு வரிசையிலிருந்து பல்கலைக்கழகம் போய் இரசாயனம் படித்தவள் என்பதால், எங்கள் வீதியில் யாருக்காவது தலைவலி வந்தால்கூட மருந்துச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அவித்த கூழ் தேயிலைச் சாயத்தைப்போல் பழுப்பாக இருக்கும். அதை வெள்ளையாக்க மூன்று தரம் மருந்து போட வேண்டும். ஒவ்வொரு தரத்துக்கும் பிறகு கழுவ வேண்டும். எங்கள் ஆலையில் மூன்று கழுவலுக்கும் மூன்று தொட்டி. மூன்றிலும் நல்ல தண்ணீரை ஊற்றி, கழுவிய தண்ணீரை அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு தொட்டிகளின் அழுக்குத் தண்ணீர் கழிவுநீர்க் குளத்துக்குப் போகும். மழைக்காலத்தில் குளம் நிரம்பி ஓடைக்குள் வழியும். ஓடையில் நுரை மிதக்கும். கீழே போஞ்சி, கோவா என்று காய்கறி போட்டிருப்பவர்கள் ஆலை வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார்கள். மூன்றாவது தொட்டியின் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும் என்பதால் அதைக் குளத்துக்குக்கூட அனுப்பவில்லை. ஆலையின் பின்மதிலில் ஓர் ஓட்டை வழியாக வெளிக்கானில், திறந்த வடிகாலில், விட்டிருந்தார்கள்.

அந்த மதிலுக்குப் பின்னால்தான் என் மகள் பகல் முழுவதும் இருந்தாள்.

மதிலோடு ஒட்டி ஒரு லயம், ஒரே கூரையின்கீழ் வரிசை வீடுகள், இருக்கிறது. ஆலையில் வேலை செய்பவர்களும் முன்பு செய்தவர்களும் அங்கே குடியிருக்கிறார்கள். கடைசி வீட்டில் இருக்கும் அக்கா பிள்ளை பார்ப்பவர். அவருடைய கணவர் ஆலையின் கழுவும் பகுதியில்தான் வேலை. பிரசவ விடுமுறை முடிந்த பிறகு என் மகளைத் தூக்கிக்கொண்டு முதல்முதல் அந்த வாசலில் நின்றபோது நான் அழுதுவிட்டேன். அக்கா பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "குடுத்துட்டு நில்லாதீங்க தங்கச்சி. நீங்க நிக்க நிக்கத்தான் அது அழும். போங்க, போய் கடுதாசி செய்யிங்க."

சாயங்காலம் பிள்ளையின் துணிகள் மடித்து, சூடு ஆறாமல் பையில் இருக்கும். நான் வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் வராத வெள்ளை. எப்படி அக்கா என்று கேட்டால் சிரிப்பார்.

எப்படி என்று பிறகு பார்த்தேன். மூன்றாவது தொட்டியின் தண்ணீர் இளஞ்சூடாகக் கானில் வரும். அதில் கொஞ்சம் வெளிற்றும் மருந்தும் கலந்திருக்கும். விறகும் வேண்டாம், நீலமும் வேண்டாம், சவர்க்காரம்கூடப் பெயருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துப் பெண்கள் எல்லோரும் பேசினும் வாளியும் எடுத்துக்கொண்டு கானோரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். பாடசாலைச் சட்டை, கவுன், சப்பாத்து நாடா, எல்லாம் அந்தத் தண்ணீரில் ஊறும். பிறகு வீட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசுவார்கள். எத்தனை தரம் அலசுவது என்பதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: துணியை மூக்கில் வைத்துப் பார்ப்பது. மருந்தின் நெடி போகும்வரை அலசுவது. நெடி போனால் துணி சுத்தம். புதிதாகக் கலியாணம் முடித்து வரும் பெண்ணுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த லயத்துப் பிள்ளைகளின் வெள்ளைக்குப் பாடசாலையில் தனி மதிப்பு இருந்தது. அதிபர் காலைக் கூட்டத்தில் அவர்களை முன்னால் நிறுத்திக் காட்டினாராம். அக்கா இதைப் பல தரம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது விளங்கும். நான் படித்த காலத்தில் திங்கட்கிழமைகளில் வகுப்பாசிரியை சுத்தம் பார்க்க வரும்போது மஹய்யாவைப் பிள்ளைகளின் கழுத்துப்பட்டியைத்தான் முதலில் புரட்டுவார். மற்றவர்களுடையதைப் புரட்டாமலே போன நாட்களும் உண்டு. எங்கள் வரிசையில் மற்றவர்களைப்போல் என் அப்பாவும் மாநகர சபையில் துப்புரவு வேலை செய்தவர். அது போதுமாக இருந்தது. எனவே அந்த லயத்து வெள்ளையை வீண் பெருமை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சுற்றாடல் அதிகாரிகள் வந்து, வெளியேறும் கழிவுநீரைக் குறைக்காவிட்டால் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களவர், நல்ல மனிதர், என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "மிஸ், நீங்கள் படித்தவர். ஏதாவது செய்யுங்கள்," என்றார்.

செய்தேன். செய்தது பெரிய வித்தை இல்லை. வீட்டில் துணி துவைக்கும் எந்தப் பெண்ணும் கடைசியாக அலசிய தண்ணீரை ஊற்றிவிட மாட்டாள். அடுத்த துணியை ஊறப்போட வைத்துக்கொள்வாள். அதையே ஆலைக்குக் கொண்டுவந்தேன். நல்ல தண்ணீர் மூன்றாவது தொட்டிக்கு மட்டும். அங்கே கழுவிய தண்ணீர் இரண்டாவதற்கு. அங்கிருந்து முதலாவதற்கு. முதலாவதிலிருந்து வெளியே வருவது மட்டும் குளத்துக்கு. அத்தோடு குளோரின் சேர்ந்த பழைய மருந்தை நிறுத்தி, பெரொட்சைட்டுக்கு மாறினோம். அதோடு கோஸ்டிக் சோடா என்ற காரம் சேர்க்க வேண்டும், ஆனால் நெடி இல்லை, கண் எரியாது, ஓடைக்கும் நல்லது. நான் படித்த பாடம் ஒருநாள் உபயோகப்பட்டது என்று நினைத்தேன்.

குளம் வழிவது நின்றது. ஓடையில் நுரை இல்லை. தோட்டக்காரர் ஒருவர் ஒரு பை போஞ்சி கொண்டுவந்து ஆய்வுகூட வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதிகாரிகள் வந்து, சொட்டாகக் குறைந்திருந்த கழிவுநீர்க் குழாயைப் படம் எடுத்தார்கள். முகாமையாளர் எல்லோருக்கும் பாற்சோறு கொடுத்தார். கழுவும் பகுதியில் வேலை செய்பவர்கள் கண்ணைக் கசக்காமல் நின்று சாப்பிட்டார்கள். மூக்கைப் பொத்தாமல் அந்த இடத்தில் ஒருவர் சாப்பிட முடியும் என்பதே புதிது. இதையெல்லாம் எழுதாமல் விட்டால் நான் செய்தது முழுவதும் கேடு என்று ஆகிவிடும். அப்படி இல்லை. அதுதான் பிரச்சினை.

அடுத்த வாரம் மகளை விடப் போனபோது பெண்கள் கானோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒங்க ஆலைக்குச் சளி புடிச்சிருச்சா தங்கச்சி?" என்றார் அக்கா. "மூக்கு அடைச்சிக்கிச்சி. ஒரு சொட்டு வரல்ல."

நான் விளக்கினேன். தொட்டி, திரும்பிப் போகும் தண்ணீர், ஓடை, நுரை, எல்லாம். கையை ஆட்டி ஆட்டி விளக்கியது நினைவிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார்: "அப்ப கீழ தோட்டத்துக்காரங்களுக்கு நல்ல தண்ணி. ஒங்களுக்கு நல்ல பேரு. எங்களுக்கு?"

"விடு புள்ள," என்றார் அக்கா. "அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. நம்ம தண்ணின்னு அவங்களுக்கு ஆரு சொன்னா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அதன் பிறகு ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. துணிகள் முன்போலவே வெள்ளையாக வந்தன. அவர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டார்கள்தான்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. தொடை இடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் சிவந்தது. முதலில் வேர்க்குரு என்று விட்டேன். பிறகு தோல் உரிந்தது. கிளினிக்கில் டொக்டர் என்ன சவர்க்காரம் போடுகிறீர்கள் என்று கேட்டு, சவர்க்காரத்தை மாற்றச் சொல்லி, பூச ஒரு கிறீம் கொடுத்தார். மாற்றினேன். முட்டையை நிறுத்தினேன். மீனை நிறுத்தினேன். தக்காளியை நிறுத்தினேன். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தியதால்தான் பிள்ளை மெலிகிறதோ என்று பயந்து முட்டையை மட்டும் மீண்டும் கொடுத்தேன். வீட்டில் இருக்கும் நாட்களில் ஆறும்; வேலை நாட்களில் மீண்டும் சிவக்கும். ஒருவேளை நான் விட்டுப் போவதால் வரும் ஏக்கம் தோலில் தெரிகிறதோ என்றுகூட நினைத்தேன். இரசாயனம் படித்தவளுக்கு எல்லாம் தோன்றியது, இரசாயனம் மட்டும் தோன்றவில்லை.

என் கணவர் மாநகர சபையில் எழுதுவினைஞர். "அந்த லயத்துல விடாதன்னு அப்பவே சொன்னேன்," என்றார். "அங்க என்ன தண்ணி, என்ன அழுக்கோ. ஒண்ணு புள்ளய வேற எடத்துல விடு. இல்லாட்டி வேலய விடு."

"வேற எடம்னா எங்க? பஸ்ஸுல ரெண்டு பக்கமும் ஓட முடியுமா?"

"அப்ப வேலய விடு."

மூன்றாவதாக இன்னொரு வழி, அவர் வேலையை விடுவது, இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எனக்கு அது தோன்றியது பல மாதங்கள் கழித்து, துணி காயப்போடும்போது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல் மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா ஆள் அனுப்பியதால் நேரத்தோடு லயத்துக்குப் போனேன். அப்போதுதான் பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருடைய கழுத்துப்பட்டிக்குள்ளும் மூக்குத் துடைக்கும் கைலேஞ்சி செருகியிருந்தது. ஆண்பிள்ளைகள், பெண்பிள்ளைகள் எல்லோருக்கும்.

அவர்களில் ஒருத்தியான அக்காவின் மகளிடம், "என்ன இது, புதுச் சட்டமா?" என்று கேட்டேன்.

"இதான் எங்க லயத்து ஸ்டைல் மிஸ்," என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அவளே லேஞ்சியை எடுத்துக் காட்டினாள். கழுத்தைச் சுற்றி, சட்டையின் ஓரம் படும் இடத்தில், என் மகளுக்கு இருந்த அதே சிவப்பு. "வேர்த்தா எரியும். கிரவுண்டுக்குப் போறதில்ல."

அன்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளில் ஒன்றை மறுநாள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். காய்ந்து, மடித்து, பால்போல் இருந்த துணி. மூக்கில் வைத்தேன். வெயிலின் வாசம் மட்டும். வடித்த நீர் கொஞ்சம் விட்டு நனைத்து, காரம் பட்டால் நீலமாகும் சிவப்புப் பாசிச்சாயத் தாளை அதன் மேல் வைத்தேன். தாள் நீலமானது. துணியில் காரம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்த நீலத்தை முதன்முதல் பார்த்தபோது நாங்கள் கைதட்டினோம்.

பிறகு எல்லாம் தானாக விளங்கியது. குறைந்த தண்ணீரில் அதே அளவு கூழைக் கழுவினால் கரைந்திருப்பது கரைந்தபடி அதிகமாகத்தான் இருக்கும். மூன்றாவது தொட்டியின் தண்ணீர் இன்றும் தெளிவு, இன்றும் இளஞ்சூடு. ஆனால் அதில் இப்போது கோஸ்டிக் சோடா முன்பைவிட அதிகம். ஆலைக்குள்ளே அது பிழையில்லை. அது இரண்டாவது தொட்டிக்குத்தானே போகிறது. கடதாசிக்கும் பிழையில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, இந்தத் துணிய எந்தத் தண்ணியில தொவைக்கிறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவருடைய கணவரையும் பார்த்தார். அவர்தான் பதில் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம காலையில மூணாந் தொட்டி அடி வால்வ கொஞ்சம் தொறந்து விடுறது மிஸ். ரெண்டு மூணு பேரல் தண்ணி, வாரம் முழுக்கக் காணும். அத யாரும் கவனிக்க மாட்டாங்க." அக்காவைக் காட்டி, "பொம்பளைங்க ஏச்சுத் தாங்கேலாம செஞ்சது," என்றார்.

"அதுல ஊறப் போட்டுட்டு அலசாம விட்டீங்களா?"

"அலசாமயா?" என்றார் அக்கா. "ஒரு தண்ணி அலசுவோம். முந்தி நாலு தண்ணி, அஞ்சு தண்ணி அலசினாத்தான் நெடி போவும். இப்ப நெடியே இல்லையே தங்கச்சி. மருந்த மாத்திட்டாங்க, நல்ல மருந்து, கண்ணு எரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. கொழாத் தண்ணியும் மிச்சம். எல்லாருக்கும் சந்தோசம்."

நான் சொன்னேன். நெடி இல்லாததும் மருந்துதான், இது வேறு வகை, தோலைத் தின்னும், மூக்குக்குத் தெரியாது, வேர்வையில் கரைந்து எரிக்கும் என்றேன். முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன்.

அக்கா என் மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மீண்டும் மடித்தார்.

"அப்ப எம் புள்ள கழுத்த நாந்தான் கெடுத்தேனா? ஒங்க புள்ளயயும்?"

"இல்லக்கா. தண்ணிதான்."

"தண்ணிய ஆரு மாத்தினது, மிஸ்?"

அதுவரை அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டுவந்தார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஒரு சிறிய போத்தலில் மஞ்சளைக் கரைத்துக் கொண்டுபோயிருந்தேன். மஞ்சள் காரத்தில் பட்டால் இரத்தச் சிவப்பாக மாறும். சமையலறையில் மஞ்சள் கறை பட்ட துணியில் சவர்க்காரம் போட்டவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அலசிய தண்ணீரில் கொஞ்சத்தைக் கோப்பையில் எடுத்து, ஒரு சொட்டு மஞ்சள் விட்டுக் காட்டினேன். சிவந்தது. மீண்டும் அலசச் சொன்னேன். மீண்டும் சிவந்தது.

"மஞ்சள் விக்கிற வெலைக்கு இத தண்ணியில ஊத்துறாங்க," என்றார் பக்கத்து வீட்டுப் பெண். "வெள்ளச் சட்டைக்குப் பக்கத்துல மஞ்சளக் கொண்டுவாற மொத ஆளு மிஸ்தான்."

"சட்டைல இல்ல, கோப்பையில," என்றேன்.

"வெளங்குது, வெளங்குது. மூக்க விட்டுட்டு இனி கோப்பைய புடிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் நம்பிக்கை வந்தது. நெடிக்குப் பதிலாக நிறம். மூக்குக்குப் பதிலாகக் கண். மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்வரை அலசினால் போதும். போத்தலை அக்காவின் ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

சில வாரங்களுக்குப் பிறகும் போத்தல் அதே இடத்தில் இருந்தது. அடியில் மஞ்சள் கட்டியாகிப் படிந்திருந்தது. ஏன் அக்கா என்று கேட்டேன்.

"பாத்தோம் மிஸ். நாலு தண்ணி, அஞ்சு தண்ணி அலசினாலும் செவப்பாத்தான் வருது. எங்க பைப்புல வாற தண்ணிக்குச் சோறாக்கிறதா, குளிக்கிறதா, சட்ட அலசுறதா? அதுக்கு மேல அலச எடமில்ல. செவப்பா மாறுறதப் பாத்தா பயமா இருக்கு. அதான் பாக்காமலே விட்டுட்டோம்."

இந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. ஏனென்றால் முகாமையாளரிடம் ஒன்றும் சொல்லாமல் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஏன் அந்தத் தண்ணீரை விட்டுவிடவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விறகு, சவர்க்காரம் விற்கும் விலையில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரின் வெள்ளையை வேறு எப்படி வெளுப்பது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். மங்கலான சட்டையோடு அனுப்பலாமே என்று சொல்ல என் நா எழவில்லை. என் கழுத்துப்பட்டியைப் புரட்டிய விரல்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

இப்போது சில பெண்கள் அலசுவதற்கு ஓடைக்குப் போகிறார்கள். அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை. அதாவது, நான் ஆலைக்குள் மறித்து வைத்த காரம் வாளிகளில் ஏறி, பிள்ளைகளின் சட்டைகளில் தொற்றி, கடைசியில் அதே ஓடையில் இறங்குகிறது. ஆலையின் குழாய் வாயில் அளந்தால் கழிவுநீர் குறைந்திருக்கிறது. அது பொய்யில்லை. அளக்கும் இடம் அதுதான்.

முகாமையாளரிடம் போனேன். நேரே சொல்ல முடியவில்லை. சொன்னால் வால்வைத் திறந்தவர் யார் என்பது அடுத்த கேள்வியாக வரும். எனவே சுற்றி வளைத்தேன். மூன்றாவது தொட்டியில் கொஞ்சம் அமிலம் விட்டுக் காரத்தைச் சமப்படுத்தலாமா சேர் என்றேன்.

"கடதாசிக்கு அது தேவையா?"

"கடதாசிக்குத் தேவையில்லை."

"பிறகு யாருக்கு?"

"அந்தத் தண்ணீரை வெளியே யாராவது பாவித்தால்..."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "வெளியே அந்தத் தண்ணீர் போவதே இல்லையே மிஸ். நீங்கள்தானே நிறுத்தினீர்கள். யாராவது எடுப்பதாக உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். இன்றைக்கே வால்வுக்குப் பூட்டு. திறந்தவன் நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை."

அப்படியானால் மூன்றாவது தொட்டிக்கு நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "குறைத்ததும் நீங்கள், கூட்டச் சொல்வதும் நீங்களா?" லயத்துக்கு ஆலைக் கிணற்றிலிருந்து ஒரு குழாய் போட்டுக் கொடுக்கலாமே என்றேன். அது பிரதேச சபையின் வேலை என்றார். எழும்பும்போது, "மகளுக்கு எப்படி? தோல் வருத்தம் என்று சொன்னீர்களே," என்று கேட்டார். உண்மையாகவே அக்கறையோடு கேட்டார்.

"இப்போது பரவாயில்லை சேர்," என்றேன்.

பரவாயில்லைதான். அவளுடைய துணிகளை அக்காவிடம் விடுவதில்லை. ஈரத்தோடு பையில் போட்டுக்கொண்டு மஹய்யாவைக்குக் கொண்டுவந்து நானே துவைக்கிறேன். எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் தாராளமாக வரும். ஆறேழு தண்ணீர் அலசுகிறேன். சந்தேகத்தில் இன்னுமொரு தண்ணீர். துணிகள் சற்று மங்கல். மகளின் தொடை ஆறிவிட்டது, கழுத்தில் ஒரு சிவப்பும் இல்லை. எனக்கு அதில் சந்தோசம் வரவேண்டும். அக்காவின் மகள் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது, கைலேஞ்சி செருகிய ஒரு கழுத்தும் ஆறிய ஒரு கழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. அந்தச் சிறுமி வலைப்பந்தாட்டக் குழுவில் இருந்து விலகிவிட்டாள். வேர்க்கும் என்பதால்.

என் கணவர், "நம்ம புள்ளைக்குச் சரியாயிருச்சில்ல, இனி ஏன் கிண்டுற?" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் துணிகளைத் தனியாகப் பையில் போட்டுக்கொண்டு வரும் நான் வேறு என்ன சொல்கிறேன்? அக்கா அந்தப் பையை ஒருநாளும் பார்ப்பதில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நீட்டுகிறார்.

அக்காவின் கணவரிடம் ஒருநாள் தனியாகச் சொல்லிப் பார்த்தேன், வால்வைத் திறக்க வேண்டாம் என்று. "நான் தொறக்காட்டி அடுத்த சிப்டுக்காரன் தொறப்பான் மிஸ்," என்றார். "அவனுக்கு மஞ்சத் தண்ணிக் கதையும் தெரியாது. நானாவது கடைசியில கொஞ்சம் நல்ல தண்ணி சேத்து விடுறேன்." அது எவ்வளவுக்கு உதவும் என்று கேட்டார். அதிகம் உதவாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. தலையாட்டினேன்.

அடுத்த மாதம் வேறு ஆலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எங்கள் முறையைப் பார்க்க. அதிகாரிகளும் வருகிறார்கள். நான்தான் நின்று விளக்க வேண்டும் என்று முகாமையாளர் சொல்லிவிட்டார். விளக்கத்தைத் தயாரித்துவிட்டேன். தொட்டி தொட்டியாகச் சொல்லிக்கொண்டு வந்து, மூன்றாவது தொட்டியின் அருகே நிற்கும்போது, இங்கிருந்து ஒரு சொட்டும் வெளியே போவதில்லை என்று சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லிப் பார்க்கிறேன். அந்த இடம் வந்ததும் முதல் தொட்டியிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன். அந்த வால்வு என் முழங்காலுக்கு நேரே இருக்கும்.

அங்கே உண்மையைச் சொன்னால் பூட்டு விழும்; பிள்ளைகளின் கழுத்து ஆறும்; சட்டை மங்கும்; அக்காவின் வீட்டில் வேலைக்குப் போவதற்கு ஆள் இருக்காது. ஆலை வேலைக்கென்று கொடுத்த வீடும் போகலாம். அந்த வாசலில் என் மகளை நான் மீண்டும் நீட்ட முடியாது. சொல்லாவிட்டால் வெளியே எல்லாம் சரி. அந்த முறையை மற்ற ஆலைகளும் கொண்டுபோகும். அந்த ஆலைகளின் மதிலுக்குப் பின்னாலும் யாராவது குடியிருப்பார்கள். இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்த்து, காலையில் ஒன்றும் சாயங்காலம் மற்றொன்றுமாக முடிவெடுக்கிறேன். அமிலத்தைப் பற்றி அந்த அதிகாரிகள் முன்னால் சாதாரண யோசனைபோல் கேட்கலாமா என்றும் நினைக்கிறேன். முகாமையாளர் முட்டாள் இல்லை.

ஆலையின் இடத்தையும் ஆட்களின் அடையாளத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இதை வாசிக்கிறவர்களில் ஆலையில் வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். வாரம் முழுவதும் வெள்ளைச் சட்டை வெளுக்கும் தாய்மார்கள் நிச்சயம் இருப்பீர்கள். ஆளைக் காட்டிக்கொடுக்காமல் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்ல ஒரு வழி உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். காரத்தைக் குறைந்த தண்ணீரில் துணியிலிருந்து எடுக்க, தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ எவ்வளவு விட்டால் சட்டையும் கெடாமல் தோலும் கெடாமல் இருக்கும் என்று கையால் செய்து பார்த்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். எனக்குக் கணக்குத் தெரியும், கைப்பழக்கம் தெரியாது. இரண்டும் இல்லாவிட்டால் இதையாவது சொல்லுங்கள்: திங்கட்கிழமை காலையில் அந்தக் கடைசி வீட்டு வாசலில், கழுத்தில் கைலேஞ்சியோடு நிற்கும் பிள்ளையின் கைகளில் என் மகளைக் கொடுத்துவிட்டு, நான் நிற்க வேண்டுமா, போக வேண்டுமா?